"சொல்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லும் பெரியவரிடம் எப்படிக் கேட்பது?

வீட்டுப் பெரியவர் போன பிறகு "உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டிருக்கலாமே" என்று வருந்தாதவர்கள் குறைவு. ஆனால், கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. "உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்பார்கள். "என்னத்தச் சொல்ல, ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். அத்தோடு விட்டுவிடுவார்கள். அவருக்குச் சொல்ல விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு. எண்பது வருஷத்தை ஒரே கேள்வியில் அடக்கினால் எங்கே தொடங்குவது என்று யாருக்குமே தெரியாது.

இடத்தைக் கேளுங்கள். வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுத்து, பத்து வயதில் இருந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். வாசல் எந்தப் பக்கம், யார் எங்கே படுப்பார்கள், தண்ணீர் எங்கிருந்து வரும்? கோடு கோணலாகப் போகட்டும். "இந்த மூலையில மட்டும் யாரும் படுக்க மாட்டாங்க" என்பார். அங்கே பிடித்துக்கொண்டு 'ஏன்' என்று கேளுங்கள். முதல் சம்பளத்தை யார் கையில் கொடுத்தார் என்பதும் இப்படிப்பட்ட கேள்விதான். பத்திலிருந்து முப்பது வயது வரை நடந்தவை முதுமையில் பொதுவாகத் தெளிவாக நிற்கும். மறதி நோய் தொடங்கியவர்களுக்கும் பெரும்பாலும் சமீபத்திய விஷயங்கள்தான் முதலில் மங்கும். எனவே, இனி கேட்டுப் பயனில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

அவர் பேச்சை நிறுத்தினால் பத்து நொடியாவது சும்மா இருங்கள். நல்ல விஷயம் பல நேரம் அதற்குப் பிறகுதான் வரும். வருஷத்தைத் திருத்தாதீர்கள், ஒருமுறை திருத்தினாலே பரீட்சை எழுதுவதுபோல் பயந்து பயந்து பேசுவார். தாத்தா பாட்டி இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்துவைப்பார். தனித்தனியாகக் கேட்பதே நல்லது.

பதிவுக்கு மொபைலே போதும், பதியலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் நடுவில் ஒரு அழைப்பு வந்து பதிவு நின்றுபோகலாம். ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிட்டு, மடித்த துணியின்மேல், அவரிடமிருந்து ஓரடி தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கை படும் சத்தமெல்லாம் பேச்சுக்கு மேலே கேட்கும். ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டு, பெயரும் தேதியும் சொல்லித் தொடங்குங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அன்றைக்கே கணினியில் ஒரு பிரதி, வேறொரு வீட்டில் ஒரு பிரதி.

ஏற்கெனவே போய்விட்டாரென்றால் அவருடைய தங்கையோ, கூட வேலை பார்த்தவரோ இருப்பார். பழைய போட்டோக்களோடு போய்ப் பாருங்கள். அவர் சொல்லும் பெயர்களைப் பின்பக்கம், இடமிருந்து வலமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறி, முகத்தையே கெடுத்துவிடும்.