முதலில் ஒத்தடம், அப்புறம் மாத்திரை

முட்டி வலி என்றால் தெருமுனை மெடிக்கலுக்குப் போய் "வலிக்கு நாலு மாத்திரை கொடுங்க" என்று கேட்பது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. டாக்டர் சீட்டு கிடையாது, கேள்வியும் கிடையாது. டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை இப்படி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், பிரஷர் ஏறலாம், கிட்னி கெடலாம். வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தேய்மான வலிக்கும், வேலை செய்து பிடித்துக்கொண்ட இடுப்புக்கும் மேலுக்குப் போடுகிற வைத்தியத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வீட்டில் அம்மாவின் முட்டிக்கு நொச்சி ஒத்தடம். இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, உருவிய நொச்சி இலையை இரண்டு கை அள்ளிப் போட்டு, இலை சுருண்டு பச்சை வாசம் அடங்கும் வரை வதக்குவோம். ஒரு கை கல் உப்பும் சேர்த்தால் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, ஒத்தடம் கொடுப்பவர் முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பொறுக்கிற சூடுதான் முட்டிக்கும். ஒற்றி ஒற்றி எடுத்து, கால் மணி நேரம். அதற்குப் பிறகு அம்மா சுவரைப் பிடிக்காமல் எழுந்திருப்பார்.

இதில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான் என்று நினைக்கிறேன். சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும். நொச்சி கிடைக்காத ஊரில் தவிட்டு ஒத்தடமோ வெந்நீர்ப் பையோ போதும். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளரப்போவதில்லை. வலி குறைந்து நடமாட முடிகிறதே, அது பெரிய விஷயம். தைலம் தடவினால் எரிவதும் குளிர்வதும் மனப்பிரமை இல்லை. மிளகாயின் காரத்தையும் சூட்டையும் நம் நரம்பு ஒரே வாசல் வழியாகத்தான் உணர்கிறது. அந்த வாசலைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவுக்கும் வலி அடங்காவிட்டால் டைக்ளோபினாக் ஜெல் தடவலாம். மாத்திரையோடு பார்த்தால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

சுளுக்கு வேறு கதை. கால் பிசகி வீங்கிய உடனே எண்ணெய் போட்டு நீவாதீர்கள். முதல் இரண்டு நாள் சூடும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டி வைத்து, காலை உயர்த்தி வைக்கலாம். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது சர்க்கரை உள்ளவர்களின் பாதம்தான். நரம்பு மரத்துப்போன காலில் சூடு உறைக்காது. "சூடா இருக்கா?" என்று கேட்டால் "இன்னும் கொஞ்சம் வைம்மா" என்பார்கள். மறுநாள் கொப்புளம், அப்புறம் ஆறாத புண், சிலருக்கு விரலையே எடுக்கும் நிலைமை. பத்து, பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ள பெரியவர்களின் பாதத்தில் தயவுசெய்து ஒத்தடம் வைக்காதீர்கள். வெந்நீரில் கால் ஊற வைப்பதும் வேண்டாம்.

இயற்கை என்பதால் எல்லாமே பாதுகாப்பு என்று ஆகிவிடாது. நீலகிரிப் பக்கம் விற்கிற விண்டர்கிரீன் தைலம் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினுக்குச் சொந்தமான ரசாயனம். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இதை மேலே தேய்ப்பதற்கும் டாக்டரைக் கேட்க வேண்டும். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவவே கூடாது, வலிப்பு வரலாம்.

தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கவே கூடாத வலிகளும் உண்டு. ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கிச் சிவந்து வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சில் பாரம், வியர்வை, வலி இடது தோளுக்கோ தாடைக்கோ ஏறுகிறது என்றால் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லித் தேய்த்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தைல டப்பாவைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.