பனி உருகினால் பெங்களூரு குளிராது

சார், "பனிப்பாளம் உருகினால் பூமி தானாகக் குளிர்ந்துவிடும், 12,900 வருஷத்துக்கு முன்னால் நடந்ததுதான், பெங்களூருக்கும் பழைய குளிர் திரும்பும்" என்கிறீர்கள். தொடக்கம் ஓரளவு சரி, முடிவு தவறு.

யங்கர் டிரையஸ் எனப்படும் அந்தக் காலத்தில், வட அமெரிக்கப் பனிப்பாளம் உருகிய நன்னீர் வட அட்லாண்டிக்கில் கலந்திருக்கலாம் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். உப்புநீரைவிட நன்னீர் லேசு. அது மேலேயே தங்கிவிட்டால், குளிர்ந்த நீர் ஆழத்துக்கு இறங்குவது தடைபடும்; வெப்பத்தை வடக்கே கொண்டுபோகும் நீரோட்டமும் தளரும். கிரீன்லாந்து கடுமையாகக் குளிர்ந்தது உண்மை. ஆனால் அதே நேரத்தில் அண்டார்டிகா சூடாகிக்கொண்டிருந்தது! வெப்பம் தொலையவில்லை, இடம் மாறியது.

சரி, நம் பக்கம்? மேகாலயாவின் மவ்ம்லூ குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புப் படிவங்களை ஆராய்ந்ததில், அப்போது பருவமழை நலிந்திருந்தது தெரிகிறது. காவிரி பிறக்கும் குடகில் மழை பொய்த்தால், அதன் நீரைத் தேக்கும் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணை என்னாகும், நம் வீட்டுக் காவிரிக் குழாய் என்னாகும்? 2024 கோடையில் தண்ணீர் லாரிக்கு அலைந்த ஊர் இது.

தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள். குழுவில் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.