1918லேயே ஒலித்த பாட்டு

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டங்களில் தேசிய கீதமான ‘தி ஸ்டார் ஸ்பேங்கில்ட் பேனர்’ பாடுவது இரண்டாம் உலகப் போரின்போதுதான் தொடங்கியது என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது பாதிதான் சரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு பாடும் வழக்கம் அப்போது நிலைத்தது, அது உண்மை. ஆனால் 1918 செப்டம்பரிலேயே சிகாகோவில் நடந்த உலகத் தொடரின் (பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பேண்ட் குழு அதை வாசித்திருக்கிறது. கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிய பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி வீரர் ஃப்ரெட் தாமஸ் சட்டென்று சல்யூட் அடிக்க, கூட்டமும் சேர்ந்து பாடியதாம். இத்தனைக்கும் அந்தப் பாட்டு சட்டப்படி தேசிய கீதமானதே 1931இல்தான்! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், எல்லாமே 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த பழக்கம் என்கிறார். அப்போது சேர்ந்தது தேசிய கீதம் அல்ல, ஏழாவது இன்னிங்ஸில் பாடும் ‘காட் பிளெஸ் அமெரிக்கா’ என்ற வேறொரு தேசபக்திப் பாட்டு. நியூ ஜெர்சியில் இருந்தபோது மகளைச் சின்ன லீக் ஆட்டங்களுக்குக் கூட்டிப்போவேன். அங்கே பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்தான் மைக் முன்னால் நிற்பார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் குரல் ஏறாமல் திணறினால், மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடி முடித்துவைக்கும். பெரிய மைதானங்களில் போர் விமானங்களைப் பறக்கவிட்டுச் செய்யும் தடபுடலைவிட எனக்கு அதுதான் பிடித்தது.