மைக் வில்சனுக்கு யாராவது கைதட்டினீர்களா?

இனி யாராவது என்னிடம் வந்து "சிண்டரெல்லா மேன் பாருங்க, வாழ்க்கையே மாறிடும்" என்று சொன்னால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. படத்தின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. நாலு தடவை பார்த்து நாலு தடவையும் அழுதவன் நான். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவனுக்குப் பாடம் எடுக்கிறார்களே, அவர்கள் மேல்தான் எரிச்சல்.

போன வாரம் ஆபீஸ் பயிற்சி வகுப்பில் போட்டார்கள். இரண்டு வருடமாக இன்கிரிமென்ட் தராத ஆபீஸ், பசியில் வாடிய குத்துச்சண்டை வீரன் கதையைப் போட்டு நம்மை உசுப்பேற்றுகிறது! பயிற்சியாளர் ரிமோட்டும் கையுமாக நின்று, வேண்டிய இடத்தில் நிறுத்தினார், வேண்டாத இடத்தை ஓட்டினார். எதை ஓட்டினார் தெரியுமா? அந்த வீரன் ஜிம் பிராடாக் நிவாரண அலுவலக வரிசையில் நிற்கும் இடத்தை. வீட்டில் கரண்ட் இல்லை, பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அரசாங்கம் கொடுத்த பணமும் போதாமல், நியூயார்க்கின் குத்துச்சண்டை அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பழைய முதலாளிகள் முன்னால் தொப்பியை நீட்டுகிறான். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது ஐயா! "டைம் இல்லை" என்று தாண்டிவிட்டு, நேராக 1935 ஜூன் 13. உலக சாம்பியன் மேக்ஸ் பேரை 15 ரவுண்டில் ஜெயித்ததும் ஹால் முழுக்கக் கைதட்டல்.

"பார்த்தீங்களா, உழைப்பு!" என்றார்.

சரி, உழைப்பு. வலது கை உடைந்துபோய், துறைமுகத்தில் இடது கையாலேயே மூட்டை இழுத்து அந்தக் கை உரமேறியது உண்மைதான். ஆனால் அவனோடு சேர்ந்து மூட்டை இழுத்த மைக் வில்சன்? படத்துக்காக உருவாக்கிய பாத்திரம்தான், இருக்கட்டும். பங்குச் சந்தையில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் கூலிக்கு வந்தவன். கடைசியில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வீடிழந்தவர்கள் போட்ட குடிசைகளில் நடக்கும் கலவரத்தில் செத்துப்போகிறான். அவன் உழைக்கவில்லையா? அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலையில்லாத காலம் அது. துறைமுக கேட்டுக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் சோம்பேறிகளா? இதைக் கேட்டதற்கு, "ஏன் சார் எப்பவும் நெகட்டிவா பேசறீங்க?" என்றது பின்வரிசை.

பக்கத்து சீட்டுக்காரர் வேறு ரகம். மேக்ஸ் பேர் வரும்போதெல்லாம் "கொலைகாரப் பயல்" என்று பல்லைக் கடித்தார். 1930இல் மேக்ஸ் பேரோடு மோதிய குத்துச்சண்டை வீரர் ஃபிராங்கி கேம்ப்பெல் இறந்தது நிஜம். அந்தச் சாவு மேக்ஸ் பேரை வெகுகாலம் வாட்டியதும் நிஜம். படம் அவரை வில்லனாக்கியதில் அவர் மகனுக்கே வருத்தம். அதைச் சொன்னால் மனிதர் என்னையும் வில்லனாகப் பார்க்கிறார்.

2005இல் படம் வந்தபோது கூட்டம் சேராமல், பிடிக்காவிட்டால் டிக்கெட் காசு வாபஸ் என்று அமெரிக்காவின் ஏஎம்சி தியேட்டர்காரர்கள் அறிவித்தார்கள். எங்கள் ஆபீஸில் அதுவும் இல்லை, ஒரு சமோசாதான்.

கடைசியில் பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து, "ஜெயித்ததும் அந்தப் பணத்தை அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தார் பாருங்க, அதுதான் கேரக்டர்!" என்று உருகினார்.

முன்வரிசையில் புதிதாகச் சேர்ந்த பையன் அப்பாவியாகக் கை தூக்கினான். "எந்தப் பணம் சார்?"