சாந்தோரினியில் 85 நிமிஷம்

(கிரீஸின் சாந்தோரினித் தீவு. காலை வேலை முடிந்த நேரம். சுற்றுலாக் கப்பலின் இறங்கு வழியில், கரைக்கு ஏற்றிச் செல்லும் டெண்டர் படகுக்காகக் காத்திருக்கும் இருவர். சேவியர், கப்பல் சமையலறையில் சமையல்காரர், ஒன்பதாவது காண்ட்ராக்ட். முருகேசன், பயணிகளின் அறைகளைக் கவனிக்கும் கேபின் ஸ்டூவர்ட், முதல் காண்ட்ராக்ட்.)

முருகேசன்: அண்ணே, பிளான் போட்டாச்சு. முதல்ல மலை மேல இருக்கிற ஃபிரா ஊரு. அங்கேருந்து பஸ் பிடிச்சு அடுத்த ஊரு ஓயா. நீலக் கோபுரம் முன்னாடி போட்டோ. அப்புறம் கறுப்பு மணல் பீச். கடைசியா ஓயாவுலேயே சூரிய அஸ்தமனம்.

சேவியர்: அஸ்தமனம் எத்தனை மணிக்கு மக்கா?

முருகேசன்: எட்டரைன்னு போட்டிருக்கு.

சேவியர்: எட்டரைக்கு நீ தலையணை மேல சாக்லேட் வச்சிட்டிருப்ப. உனக்கு பிரேக் எப்போ?

முருகேசன்: ஒண்ணுலேருந்து அஞ்சு. முழுசா நாலு மணி நேரம்!

சேவியர்: 240 நிமிஷம். டெண்டருக்குக் காத்து, கரை சேர 30. படி ஏற 40. இறங்க 25. திரும்பி டெண்டர் 30. குளிச்சு யூனிஃபார்ம் மாட்ட 30. மிச்சம் சொல்லு.

முருகேசன்: (விரல் விட்டு எண்ணி) 85.

சேவியர்: ஓயா போக மட்டும் பஸ்ஸுல அரை மணி. நின்னு ஏறுற கூட்டம் வேற. போயிட்டு உடனே திரும்பணும்னா போ. பஸ் ஜன்னல் வழியா போட்டோ எடுத்துக்கோ.

முருகேசன்: கப்பலை நேரா ஜெட்டியில கட்டுனா இந்த டெண்டரே வேண்டாமேண்ணே?

சேவியர்: இது எரிமலை வெடிச்சு உள்ள விழுந்த பள்ளம், கேட்டியா. சுமார் 3,600 வருஷம் முன்னாடி வெடிச்சது. சில இடத்துல ஆழம் 400 மீட்டர் பக்கம் வரும். நங்கூரம் எதைப் பிடிக்கும்? அதான் உள்ளூர் படகுக்காரங்க வந்து ஏத்திட்டுப் போறாங்க. கெஸ்ட் கூட்டம் குறைஞ்ச பிறகுதான் நமக்கு இடம். கப்பல் அடையாளக் கார்டு இருக்கா?

முருகேசன்: பர்ஸுல இருக்கு.

சேவியர்: பர்ஸுல வேண்டாம், பட்டன் போட்ட பையில வை. பர்ஸ் போனா காசோட போகும். கார்டு போனா செக்யூரிட்டி ஆபீஸ்ல பேப்பர் எழுதியே உன் பிரேக் போயிரும். இது என்ன செருப்பு?

முருகேசன்: புதுசுண்ணே, போட்டோவுக்கு.

சேவியர்: போய் வேலைக்குப் போடுற ஷூவ மாட்டிட்டு வா. 588 படி. நூறு வருஷமா கழுதை நடந்து கல்லு கண்ணாடி மாதிரி இருக்கு. அதுக்கு மேல கழுதை விட்டை வேற, எண்ணெய் மாதிரி வழுக்கும்.

(பழைய துறைமுகம். மேலே மலை விளிம்பில் வெள்ளை வீடுகள்.)

முருகேசன்: கேபிள் கார்லேயே போயிடலாமே? மூணு நிமிஷம்தானாம்.

சேவியர்: ஏறின பிறகு மூணு நிமிஷம். ஒரு நடைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேரு.

முருகேசன்: 36 பேரு.

சேவியர்: இன்னைக்கு மூணு கப்பல். வரிசையப் பாரு.

முருகேசன்: அப்ப கழுதை?

சேவியர்: உன் எடைக்கு எந்தக் கழுதை தாங்கும்? 2018ல சட்டமே போட்டாச்சு, நூறு கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாது.

முருகேசன்: நான் 82தாண்ணே!

சேவியர்: சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு. கழுதையோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. அப்ப உனக்கு 410 கிலோ கழுதை வேணும். தேடு. (ஏறுகிறார்) மேலேருந்து மந்தை இறங்கினா சுவத்தோட ஒட்டி நில்லு, விளிம்புப் பக்கம் போகாத. அதுங்க பிரேக் போடாது.

(ஃபிரா. சந்து மூலையில் கைரோஸ் கடை. முருகேசன் சட்டை நனைந்திருக்கிறது.)

முருகேசன்: இங்க 'கைரோஸ்'னு போட்டிருக்கு.

சேவியர்: 'யீரோ'ன்னு கேளு. பிட்டா ரொட்டிக்குள்ள சீவின கறி, தக்காளி, வெங்காயம், தயிர்ப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், எல்லாத்தையும் சுருட்டித் தருவாங்க. ஒண்ணு தின்னா ராத்திரி டூட்டி வரைக்கும் தாங்கும்.

முருகேசன்: (கடைக்கார அம்மாவிடம்) மேடம், போர்க்?

கடைக்கார அம்மா: நே, நே!

முருகேசன்: (மகிழ்ச்சியாக) இல்லையாம்ணே! ஒண்ணு குடுங்க.

சேவியர்: வாயை மூடு. வாயில வைக்காத!

முருகேசன்: ஏண்ணே, அவங்கதான் 'நே'ன்னாங்களே?

சேவியர்: 'நே'ன்னா ஆமா. இல்லைன்னா 'ஓஹி'. சில பேரு பேசவே மாட்டாங்க, புருவத்தை மேல தூக்கி 'ட்ச்'சுன்னுவாங்க. நம்ம ஊர்ல 'ப்ச்'சுங்குற மாதிரி. நீயோ பன்னிக்கறி தொட மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்தவன். 'கோட்டோபுலோ'ன்னு கேளு, கோழி வரும்.

முருகேசன்: இதைக் கத்துக்கிட்டா மொத்தக் கிரீஸையும் சமாளிக்கலாம்போல. அந்த மஞ்சள் கிண்ணம் என்னண்ணே?

சேவியர்: ஃபாவா. இந்தத் தீவுல விளையுற பருப்பு. வேகவச்சுக் கடைஞ்சு, மேல வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும்.

முருகேசன்: பருப்புக் கடைசலா! இதுக்கா ஏழு கடல் தாண்டி வந்தேன்?

சேவியர்: சோறு கேக்காத, கிடையாது. சீக்கிரம் தின்னு. டாய்லெட் போனா பேப்பரைக் கூடையில போடு, உள்ள போடாத, குழாய் குறுகல், அடைச்சுக்கும். அடைச்சா அந்த அம்மா ஓஹி, நே எல்லாத்தையும் சேத்துச் சொல்லுவாங்க.

(மூன்றரை மணி. இறங்கும் படியில். எதிரே கழுதை மேல் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஏறி வருகிறார்.)

அம்மாள்: ஓ, முருகேசன்! ரூம்ல கூடுதலா ரெண்டு தலையணை, இன்னைக்கே வைப்பியா?

முருகேசன்: (பதறி, நெஞ்சில் கை வைத்து) நே மேடம்! நே, நே!

(அம்மாள் முகம் சுருங்குகிறது. கழுதை நிற்காமல் போகிறது.)

முருகேசன்: ஏண்ணே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க? ஆமான்னுதானே சொன்னேன்!

சேவியர்: கிரேக்கத்துல சொன்ன. அவங்க இங்கிலீஷ்காரங்க, 'நோ'ன்னு காதுல விழுந்திருக்கும்.

முருகேசன்: ஓடிப் போய்ச் சொல்லிடட்டுமா? நூறு படிதான் ஏறியிருப்பாங்க.

சேவியர்: மணி மூணு நாப்பது. டெண்டர் நாலுக்கு. எதுக்கும் ராத்திரி மூணு தலையணையா வச்சிடு.