பேய்மழையில் பேய் எங்கே இருக்கிறது?

'பேய்மழை' என்று எழுதாதீர்கள், அது மூடநம்பிக்கை, 'அதி கனமழை' என்று எழுதுங்கள் என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் வானிலை மையத்துக்கு அது அதி கனமழை. அதற்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் கொட்டினாலும் அவர்களின் அளவுப் பட்டியலில் வேறு படி கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதை என்னவென்று சொல்வது? பேய்மழை என்றுதான் சொல்ல வேண்டும்.

தொல்காப்பிய உரியியல் 'பே' என்றால் அச்சம் என்கிறது. பேய் அதிலிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்போது அது பயத்தோடு நிற்பதில்லை. மனுசக் கைக்கு அடங்காதது என்ற பொருள் வந்துவிடுகிறது. நாம் பந்தல் போட்டு வளர்ப்பது புடல். வேலியில் தானாகப் படர்ந்து, வாயில் வைக்க முடியாதபடி கசப்பது பேய்ப்புடல். பேய்ப்பீர்க்கும் அப்படித்தான். பேய்ச்சுரை இன்னும் மோசம். கசக்கும் சுரைச்சாறு உடம்புக்கு நல்லது என்று மடக்கென்று குடித்து, ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும். அந்த எச்சரிக்கை முழுவதையும் பெயரிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் ஆட்கள். இதுவா மூடநம்பிக்கை?

கானலுக்குப் பேய்த்தேர் என்று பெயர். 'உருவில் பேஎய் ஊராத் தேர்' என்கிறது அகநானூறு. உருவமே இல்லாத பேய், ஏறி ஓட்டாத தேர். வெயிலில் தூரத்தில் நெளியும் அந்தப் பளபளப்பை இதைவிட நன்றாக யார் சொல்லிவிட முடியும்?

அப்புறம் மனிதர்களின் பெயர்கள். புறநானூற்றில் பேய்மகள் இளவெயினி, ஐங்குறுநூற்றில் பேயனார், மயிலாப்பூரில் பேயாழ்வார். பக்தி தலைக்கேறி, பேய் பிடித்தவர்போல் ஆடிப் பாடியதால் ஆழ்வாருக்கு அந்தப் பெயர் என்பார்கள். அதில் இழிவு எங்கே இருக்கிறது?

எல்லாருக்கும் மேல் எனக்குக் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டுப் பதிகத்தில் வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, வெண்பல் என்று ஒரு பெண்பேயை அப்படியே கண்முன் நிறுத்துகிறார். பதிகத்தின் முடிவில் தன் பெயரைக் 'காரைக்கால் பேய்' என்று பதிக்கிறார். 'அம்மையே' என்று சிவன் அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். பேய் என்பதோ அவரே எடுத்துக்கொண்ட பெயர். அந்தச் சொல்லைத் தள்ளிவைக்கச் சொல்பவர்கள் முதலில் அந்தப் பதிகத்தைப் படிக்கட்டும். பிறகு பேசலாம்.