மேக்கப் ஏமாற்று வேலையாம். கேட்டது யார்?

முந்தாநாள் அக்கா மகளின் ரிசப்ஷன் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேக்கப் போட்டு மாப்பிள்ளையை ஏமாற்றிவிட்டாள் என்று ஓர் அண்ணன் ஜோக்கடித்திருந்தார். அந்தக் கமெண்டை அப்படியே மறுபடி எழுதி அவருக்கு இன்னொரு நாள் விளம்பரம் கொடுக்க விருப்பமில்லை. "விடுங்க அக்கா, ஜோக்குதானே" என்று இன்பாக்ஸில் சமாதானம் பேச வந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். விடுவதாக இல்லை.

அந்த ஜோக் புதிதும் இல்லை. டிவி காமெடியில் கேட்டாயிற்று, வாட்ஸப்பில் வந்தாயிற்று, கல்யாணப் பந்தியில் பாயசத்தோடு பரிமாறியும் ஆயிற்று. பெண் மேக்கப் போட்டால் ஆணை ஏமாற்றுகிறாள். இதுதானே ஜோக்? சரி, ஏமாற்று என்றே வைத்துக்கொள்வோம். என்னவென்று காட்டி ஏமாற்றுகிறாள்? சிவப்பாக இருப்பதாகக் காட்டி. சிவப்பாக வேண்டும் என்று கேட்டது யார்? ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'மணமகள் தேவை' பகுதியில் 'சிவந்த நிறமுடைய' என்று காசு கொடுத்து அச்சடித்தது அவளா?

ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவில் 1975இல் வந்தது. அந்த விளம்பரங்களில் கருப்பாக இருக்கிற பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. ட்யூபைப் பிதுக்கியதும் இரண்டும் வீடு தேடி வரும். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று மேக்கப்பைப் பார்த்து "ஐயோ ஏமாற்று" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறது. 2020இல் அந்த க்ரீம் 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று போட்டுக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

நடுவில் ஒருவர் வந்து, இயற்கை அழகுதான் தமிழர் மரபு, இதெல்லாம் மேற்கத்தியக் குப்பை என்று வகுப்பெடுத்தார். ஐயா, சிலப்பதிகாரத்தை ஒருமுறை புரட்டுங்கள். கல்யாணமான புதிதில் கோவலன் கண்ணகியிடம் என்ன சொல்கிறான்? உன் மங்கல அணியே போதுமே, மற்றதையெல்லாம் மாட்டிவிட்டதில் இவர்கள் கண்ட பலன் என்ன என்கிறான். "நீ சிம்பிளா இருந்தாலே அழகும்மா." இன்றைக்கும் கணவன்மார் மனப்பாடமாக வைத்திருக்கும் அதே வசனம். சொல்லிவிட்டு எங்கே போனான்? மாதவி வீட்டுக்கு. அங்கே ஊடலில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் மகிழ வேண்டும் என்று, 10 துவர் (துவர்ப்புச் சரக்கு), 5 விரை (வாசனைப் பொருள்), 32 ஓமாலிகை (மணமூலிகை) எல்லாம் ஊறிய நீரில் அவள் கூந்தலை அலசுவதாகக் கடலாடு காதை பட்டியல் போடுகிறது. தலைக்கு மட்டும் இவ்வளவு. கழுத்துக்குக் கீழே வருவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். வள்ளுவரின் காதலி மட்டும் கண்ணுக்கு மை எழுதமாட்டேன் என்கிறாள், கண்ணுக்குள் இருக்கும் காதலன் மறைந்துவிடுவானாம். (அப்படியானால் மற்ற நாளெல்லாம் எழுதியிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?)

எனக்கு ஏன் இவ்வளவு சுருக்கென்று தைத்தது என்று கேட்கிறீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்த கதை சிலருக்குத் தெரியும். தொண்ணூறுகளில், மே மாத வெயிலில். சித்தி என் முகத்தில் பாண்ட்ஸ் பவுடரை அப்பி வைத்திருந்தாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். வந்திருந்த பெரியம்மா ஒருவர் பாசமாக என் கையைப் பிடித்து, வளையலை மேலே தள்ளி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதான் ஒரிஜினல் கலரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நான் காபித் தட்டோடு நிற்கிறேன். அந்த மாப்பிள்ளை தலைக்கு டை அடித்திருந்தார். கரண்ட் வேறு போய்விட்டது. வேர்வையில் அந்தக் கருப்பு காதோரம் வழிந்து சட்டைக் காலரில் கோடு போட்டிருந்தது. அவருடைய ஒரிஜினல் கலரை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. போட்டோவில் பெண் நல்ல கலராக இருந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். ஏமாற்றிவிட்டோமாம்.

கேட்டது அவர்கள். கேட்டதைக் காட்ட முயன்றது நாங்கள். ஏமாற்றியவர்கள் பட்டியலிலும் நாங்கள்தான்.

அப்புறம் "மேக்கப் போடுவதே ஆண்களைக் கவரத்தானே?" என்று ஒரு தம்பி. ஆமாம் தம்பி, சில நேரம் அதற்குத்தான். அதில் என்ன தப்பு? பிடித்தவன் திரும்பிப் பார்க்கட்டும் என்று மை தீட்டிக்கொள்வது என்ன குற்றம்? நீங்கள் சென்ட் அடிப்பது கொசு விரட்டவா? "எனக்காகத்தான் போடுகிறேன்" என்று ஒவ்வொரு தடவையும் பெண்கள் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியதில்லை. சில நாள் நமக்காக, சில நாள் அவனுக்காக, சில நாள் சொந்தக்காரர்கள் வாயை அடைக்க. என் வீட்டுக்காரருக்கு நான் மை போட்டால் தெரியாது. போடாவிட்டால் காய்ச்சலா என்று கேட்பார்.

உடனே சாய் பல்லவியை இழுத்துக்கொண்டு வருவார்கள், "அந்தப் பொண்ணைப் பாரு, மேக்கப்பே கிடையாது" என்று. எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தில் நடிக்கமாட்டேன் என்றவர் அவர். அவர் வேண்டாம் என்றது உங்களுடைய சிவப்பு மோகத்தை, என்னுடைய லிப்ஸ்டிக்கை இல்லை. ரஜினி வழுக்கையோடு மேடைக்கு வந்தால் எளிமை என்று கைதட்டுகிறோம், நானும்தான் தட்டுகிறேன். ஏதாவதொரு நடிகை ஏர்போர்ட்டில் வெறும் முகத்தோடு மாட்டினால் "ஆன்ட்டி ஆயிட்டாங்க". போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம்.

கெமிக்கல் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் தலையில் இருக்கும் டையின் டப்பாவில் பிபிடி (PPD, அலர்ஜி தரக்கூடிய சாயக் கெமிக்கல்) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவும். பயப்பட வேண்டியது எதற்குத் தெரியுமா? 2023இல் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். க்ரீமில் பாதரசம். லிப்ஸ்டிக்கைத் துடைத்தால் போய்விடும். நீங்கள் கேட்ட சிவப்புக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு தோழி மட்டும் நியாயமாகக் கேட்டாள்: "கல்யாணப் பொண்ணுக்கு ரெண்டு ஷேட் வெளுப்பாத்தானே போட்டிருந்தாங்க?" ஆமாம். எனக்கும் அது பிடிக்கவில்லை. ட்ரயல் அன்று அவள் தன் நிறத்துக்குத்தான் ஃபவுண்டேஷன் போடச் சொன்னாள், அழகாகவும் இருந்தது. ரிசப்ஷன் அன்று ரூமுக்குள் வந்து, "கொஞ்சம் ப்ரைட்டா பண்ணும்மா, ஸ்டேஜ்ல டல்லடிக்கும்" என்று பியூட்டிஷியனிடம் சொன்னது யார் தெரியுமா? வேண்டாம், புதுச் சம்பந்தம். எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுத எழுத வேறொன்றும் வருகிறது, சொல்லிவிடுகிறேன். கோவலன் மாதவியிடம் போனபின் கண்ணகி கண்ணுக்கு மை இல்லை, நெற்றியில் திலகம் இல்லை. காவியத்தில் படிக்கும்போது உருகுகிறோம். அப்பா போனபின் அம்மா குளித்துவிட்டு வழக்கம்போல் பவுடர் பூசி, சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொண்டாள். காரியத்துக்கு வந்த உறவு ஒன்று என் காதில் கேட்கிற மாதிரியே "இனி யாருக்குக் காட்ட?" என்றது. அறுபது வருஷமாகப் பூசுகிற பவுடர். அது அப்பாவுக்காகப் பூசியது என்று இவர்களுக்கு யார் சொன்னது? வயசுப் பெண் பூசினால் ஏமாற்று, கல்யாணப் பெண் பூசினால் ஜோக், அம்மா பூசினால் அசிங்கம்.

அம்மா இன்றைக்கும் பூசிக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறாள். இந்தப் பதிவை அந்த உறவும் படிக்கும் என்று தெரியும். அடுத்த முறை வீட்டுக்கு வந்து அதைப் பற்றி வாய் திறந்தால் காபி கிடையாது. அந்த அண்ணனை நேற்றே பிளாக் செய்தாயிற்று.